கோர்மன் கவுண்டியின் பொய் கலவாத வரலாறு

மனிதன் எழுதக் கற்ற நாளிலிருந்து இன்றுவரை எழுதப்பட்ட வரலாறுகளில் பொய் கலவாதது ஒன்றே ஒன்றுதான். அதுவும் இன்னும் அச்சேறவில்லை. இதை 1986ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், பெல்டன் நகரத்து மெதடிஸ்ட் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், பதினோரு பேர் முன்னிலையில், கர்ட் பிரெம்மர் எழுந்து நின்று அறிவித்தான். பதினோரு பேரில் ஒன்பது பேருக்கு எழுபது தாண்டியிருந்தது. மூலையில் கொதித்துக்கொண்டிருந்த காபிப் பாத்திரம் மட்டும் ஆமோதிப்பது போல் உஸ்ஸென்றது.

"கோர்மன் கவுண்டியோட நூற்றாண்டு மலர்தான் அது" என்றான். "ஒவ்வொரு குடும்பமும் தன் கதையைத் தானே எழுதி அனுப்பட்டும். வந்தது அப்படியே அச்சாகும். ஒரு சொல் கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன். ஒரு காற்புள்ளியக்கூடத் தொடமாட்டேன்."

மலர்க் குழுவின் தலைவி விவியன் ஆக்ஸ்லி தலையசைத்தாள். "நல்லது தம்பி. தீர்மானமா எழுதிக்கலாம். இப்ப உக்காரு, காபி ஆறுது."

கர்ட் உட்காரவில்லை. ஐம்பது வருடத்துக்கு முன் வந்த பொன்விழா மலரைத் தூக்கிக் காட்டினான். அதைத் தொகுத்தவர் அன்றைய பத்திரிகை முதலாளி. அதே கவுண்டியில், அதாவது அதே சிறு மாவட்டத்தில், பெல்டனுக்கு ஆகாத ஊர் ஸ்டாரெட். அப்போது அங்கே அறுநூறு பேர் இருந்தார்கள், இரண்டு தேவாலயங்களும் ஒரு பித்தளை வாத்தியக் குழுவும் இருந்தன. மலரில் ஸ்டாரெட் என்ற பெயரே கிடையாது. கடைசிப் பக்கத்தில், 'இடமின்மையால் சில செய்திகள் விடுபட்டுள்ளன' என்று ஒரு வரி மட்டும்.

"அறுநூறு பேருக்கு இடமில்ல" என்றான் கர்ட். "ஆனா முதலாளியோட குதிரைக்கு முழுப் பக்கம், படத்தோட. இந்த மாதிரி ஆளுங்களுக்கு எதுக்குப் பேனா? ஒரு ஆட்டு ரோமக் கத்திரி வாங்கிக் குடுத்திருக்கலாம்."

யாரோ சிரித்தார்கள். விவியன் ஆக்ஸ்லியும் சிரித்தாள். நெப்ராஸ்காவில் வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவனுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பட்டத்தை மறைத்துவிட்டுத் தானியக் கிடங்கில் சேர்வது. மற்றது இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. அப்படிப்பட்டவனுக்குத் தொகுப்பாசிரியர் என்ற பெயரும் ஒரு மேசையும் தான் பிச்சை போட்டதாக விவியன் நினைத்துக்கொண்டிருந்தாள். கர்ட் அந்த மேசைக்காக எட்டு வயதிலிருந்து காத்திருந்தது அவளுக்குத் தெரியாது.

எட்டு வயதில் நடந்தது இதுதான். பெல்டனில் ஆண்டுதோறும் ஜூலை மாதம் நிறுவனர் தின ஊர்வலம் நடக்கும். முதலில் கொடி, பிறகு பள்ளிக்கூட வாத்தியம், பிறகு டிராக்டர்கள், கடைசியாக எல்லோரும் காத்திருக்கும் வண்டி. அதன் மேல் அட்டையில் செய்த பழைய நீதிமன்றக் கட்டடம். ஜன்னல்களில் சிவப்புக் காகிதத் தீ. கட்டடத்துக்கு முன்னால் ஆடும் நாற்காலியில், கையில் துடைப்பத்தோடு, வைக்கோல் தொப்பி முகத்தை மறைக்க, காவலாளி குறட்டை விட்டுத் தூங்குவான். நாலு பேர் 'தீ, தீ' என்று கத்துவார்கள். அவன் எழுந்திருக்கமாட்டான். கடைசியில் ஒருவன் வாளி நிறையக் காகிதத் துண்டுகளை அவன் தலையில் கொட்டுவான். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். அந்த வேஷம் கட்டுவது கௌரவம். சீட்டுக் குலுக்கித்தான் ஆள் எடுப்பார்கள்.

அந்தக் காவலாளி கர்ட்டின் அப்பா ஆர்லோ பிரெம்மர்.

1953 ஜனவரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஊர் முழுவதும் தேவாலயத்தில் இருந்தபோது நீதிமன்றக் கட்டடம் எரிந்து சாம்பலானது. தண்ணீர்க் குழாய் உறையாமல் இருக்கக் கீழ்த்தளத்து அடுப்பை அணையாமல் பார்த்துக்கொண்டிருந்தவர் ஆர்லோ. அடுப்புக் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கிவிட்டார் என்று திங்கட்கிழமை பத்திரிகை எழுதியது. வேலை போனது. அதன் பிறகு அவருக்குக் கிடைத்ததெல்லாம் கோழிப் பண்ணையில் கூடு கழுவும் வேலை. ஒவ்வொரு ஜூலையிலும் இரும்புக் கடை வாசலில் நின்று ஊர்வலம் பார்ப்பார். அந்த வண்டி வந்ததும் மற்றவர்களைப் போலவே கை தட்டுவார்.

எட்டு வயதில் கர்ட் அவர் பக்கத்தில் நின்றான். வண்டியிலிருந்து மிட்டாய் வீசினார்கள். ஓடிப் பொறுக்கினான். வாயில் போட்டுக்கொண்டு, "அப்பா, அந்தத் தூங்குமூஞ்சி யாரு?" என்று கேட்டான். 

ஆர்லோ, "நான்தான்" என்றார். வண்டி தாண்டிப் போனதும், "நான் தூங்கல" என்றார். 

அதற்கு மேல் அதைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை. மிட்டாய் எலுமிச்சை ருசி. கர்ட் அதைத் துப்பவில்லை, இனிப்பாக இருந்தது. அதற்கும் சேர்த்துத்தான் அவனுக்கு ஆத்திரம்.

அப்பா தூங்கவில்லை என்றால் கட்டடத்தைக் கொளுத்தியவன் வேறு ஒருவன். அவன் பெயரை இந்த ஊர் தன் கையாலேயே எழுதி, தன் காசிலேயே அச்சடித்து, தோல் அட்டை போட்டுத் தன் கூடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கர்ட் கேட்டது அவ்வளவுதான்.

மார்ச் மாதம் பக்கங்கள் வரத் தொடங்கின. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு குடும்பங்கள். வாரப் பத்திரிகை அலுவலகத்தின் பின் அறையில் கர்ட் பிரித்துப் படிக்க, எழுத்துக் கோக்கும் இயந்திரத்தில் டோரீன் ஃபென்விக் தட்டினாள். அவளுக்கு முப்பது வயது. அந்த ஊரிலேயே பிறந்தவள். அதை ஒரு நோய் போல் சொல்வாள்.

"முதல் மண்வீடு கட்டினது யாரு?" என்றாள் டோரீன்.

"இதுவரைக்கும் ஏழு பேர்."

"ஒரே வீட்டையா?"

"ஒரே நாள்ல."

கோர்மன் கவுண்டியில் கோழை பிறந்ததே இல்லை என்று அந்தப் பக்கங்களிலிருந்து தெரிந்தது. வெட்டுக்கிளி வந்தபோது அத்தனை பேரும் சிரித்த முகத்தோடு நின்றார்கள். வறட்சி வந்தபோது அண்டை வீட்டுக்குத் தங்கள் கடைசி மூட்டை கோதுமையைக் கொடுத்தார்கள். எல்லோருமே கொடுத்திருந்ததால், வாங்கியது யார் என்பதுதான் விளங்கவில்லை. குடித்தவர் இல்லை, ஓடிப்போனவள் இல்லை. இறந்தவர்கள் அனைவரும் கடின உழைப்பாளிகள், இறையச்சம் மிக்கவர்கள். கர்ட் ஒவ்வொன்றையும் உரக்கப் படிப்பான். "இந்த ஊர்ல ஒருத்தனும் சாகறதில்ல டோரீன். வெளுத்து, கஞ்சி போட்டு, மடிச்சு வெச்சிடறாங்க" என்பான்.

1888இல் நடந்த தலைநகர்ச் சண்டைதான் எல்லோருக்கும் பிடித்த கதை. கவுண்டியின் பதிவேடுகள் அப்போது ஸ்டாரெட்டில் இருந்தன. ஸ்டாரெட் மக்கள் ஒரு கல்யாண விருந்தில் இருந்த பட்டப்பகலில், பெல்டன் ஆட்கள் வைக்கோல் வண்டியில் போய் அத்தனை பதிவேடுகளையும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். பதிவேடு இருக்கும் ஊர்தான் தலைநகர். பெல்டன் தலைநகர் ஆனது இப்படித்தான். ஸ்டாரெட் குடும்பங்கள் இதைத் திருட்டு என்று எழுதியிருந்தன. பெல்டன் குடும்பங்கள், 'பத்திரப்படுத்தினர்' என்று எழுதியிருந்தன. அந்த வண்டியை ஓட்டியது தங்கள் கொள்ளுத்தாத்தாதான் என்று பதினோரு குடும்பங்கள் சத்தியம் செய்தன.

"பதினோரு பேர் ஓட்டினா பதிவேட்ட எங்க வெச்சாங்க?" என்றாள் டோரீன்.

"மடியில."

ஏப்ரல் மாதம் ஆக்ஸ்லி குடும்பத்தின் பக்கம் வந்தது. விவியனே எழுதியிருந்தாள். அவளுடைய மாமனார் ட்ரூமன் ஆக்ஸ்லி, தீ பிடித்த காலத்தில் கவுண்டி மன்றத் தலைவர். கூடவே ஒரு புகைப்படம்: சுருள் மூடி போட்ட பெரிய ஓக் மர மேசை, அதன் மேல் பூஞ்சாடி. கீழே குறிப்பு: 'பழைய நீதிமன்றத்தில் மாமனார் பயன்படுத்திய மேசை. கடவுள் அருளால், தீ விபத்துக்கு மூன்றே நாள் முன்பு மெருகு போடுவதற்காக வீட்டுக்கு வந்திருந்ததால் தப்பியது. இன்றும் எங்கள் கூடத்தை அலங்கரிக்கிறது.'

கர்ட் அதை இரண்டு தடவை படித்தான். பிறகு எழுந்து, ஏற்கெனவே வந்திருந்த பக்கங்களைக் கலைத்தான். சுவர்க் கடிகாரம், ஒரு குடும்பம்: கடவுள் அருளால் அதே வாரம் எண்ணெய் போட வீட்டுக்கு வந்திருந்தது. நீதிபதியின் நாற்காலி, இன்னொரு குடும்பம்: கடவுள் அருளால் தோல் மாற்ற வந்திருந்தது. வாசல் மேல் இருந்த வண்ணக் கண்ணாடி: கடவுள் அருளால் கழுவுவதற்காகக் கழற்றப்பட்டிருந்தது. ஜனவரி மாதம், பூஜ்யத்துக்குக் கீழே குளிரில், கண்ணாடி கழுவ. ஐந்தாவது, டோரீன் வீட்டார் அனுப்பியது: எச்சில் துப்பும் பித்தளைப் படிக்கம்.

"டோரீன், உங்க வீட்டுப் படிக்கம் எப்ப வீட்டுக்கு வந்துச்சு?"

"தாத்தா காலத்துல. சித்தி அதுல பூச்செடி வெச்சிருக்கா. ஏன், துப்பணுமா?"

"தேதி வேணும்."

"சித்திதான் எழுதியிருக்காளே. தீ விபத்துக்கு முந்தின வியாழக்கிழமை, தேய்க்கறதுக்காக..." டோரீன் நிறுத்தினாள். அவள் விரல்கள் விசைகளின் மேலேயே நின்றன.

கர்ட் ஐந்து புகைப்படங்களையும் வரிசையாக வைத்தான். "ஒரே வாரம். ஒரே கட்டடம். அஞ்சு தடவ கடவுள் அருள். அஞ்சு வீடும் அன்னிக்குக் கவுண்டி மன்றத்துல இருந்த அஞ்சு பேரோட வீடு."

காரணமும் பக்கங்களிலேயே இருந்தது. பழைய கட்டடத்தின் கோபுரம் விரிசல் விட்டு வௌவால் அடைந்து கிடந்தது. புதிது கட்ட இரண்டு முறை வாக்கெடுப்பு வைத்தார்கள். குடியானவர்கள் இரண்டு முறையும் வேண்டாம் என்றார்கள். அந்தச் சமயம் பார்த்து ஸ்டாரெட் ஊர், தங்களிடம் உள்ள புத்தம்புதுச் செங்கல் பள்ளிக்கூடத்தை நீதிமன்றத்துக்கு இலவசமாகத் தருகிறோம் என்றது. மார்ச்சில் வாக்கெடுப்பு. தலைநகர் கைமாறினால் பெல்டனில் வக்கீலும் இல்லை, கடையும் இல்லை. ஜனவரியில் கட்டடம் எரிந்தது. கரிக்கட்டைகளுக்கு நடுவே ஊர் நின்று அழுத புகைப்படத்தைப் பார்த்து கவுண்டியே உருகி, மார்ச்சில் பெல்டனிலேயே புதுக் கட்டடம் என்று வாக்களித்தது. ஸ்டாரெட்டில் இன்று ஒரு தானியக் கிடங்கும், யாரும் நிற்காத ஒரு 'நில்' பலகையும் இருக்கின்றன.

"அப்ப எங்க தாத்தாவுமா?" என்றாள் டோரீன்.

"படிக்கத்த மட்டும் காப்பாத்தியிருக்காரு. எச்சில் மேல அவ்வளவு பாசம்."

டோரீன் படிக்கத்தின் படத்தை எடுத்து மற்ற நான்கோடு சேர்த்து வைத்தாள். "போடு" என்றாள். "சித்திக்கு ஒரு நாளாவது தலை குனியட்டும். என்னை நாலு வருஷமா ஜாடை பேசறா."

கர்ட் ஒரு சொல்லைக்கூடக் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஐந்து படங்கள், ஒவ்வொன்றின் கீழும் அந்தந்தக் குடும்பம் எழுதிய வரிகள். மேலே தலைப்பு: 'கடவுள் அருளால் தப்பியவை.' எதிர்ப் பக்கத்தில் அந்தத் திங்கட்கிழமைப் பத்திரிகையின் முதல் பக்கம்: 'தூங்கிய காவலாளி.' அவ்வளவுதான். பத்து வயதுப் பிள்ளைகூட இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படித்துவிட்டு, வீட்டுக் கடிகாரத்தை அண்ணாந்து பார்க்கும். நிறுவனர் தினத்தன்று, ஊர்வலம் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு புத்தகம் விநியோகம். அட்டைக் கட்டடத்தை இழுத்துக்கொண்டு அந்த வண்டி இந்தத் தடவை எந்த முகத்தோடு வருகிறது என்று பார்க்க வேண்டும். அதை நினைத்தாலே கர்ட்டுக்கு இரண்டு வேளை பசி தாங்கும்.

ஆனால் கவுண்டியில் ஒரு வழக்கம் இருந்தது. அச்சுக்குப் போகும் முன், ஒட்டிய பக்கங்களை நூலகத்து நீள மேசைகளில் ஒரு வாரம் பரப்பி வைப்பார்கள். குடும்பங்கள் வந்து தங்கள் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எல்லோரும் தங்கள் பக்கத்தை மட்டும் பார்ப்பார்கள். அடுத்தவர் பக்கத்தைப் படிப்பது நாகரிகமில்லை, தவிர அலுப்பு. கர்ட் இதைத்தான் நம்பியிருந்தான். நான்கு குடும்பங்கள் தங்கள் படத்தைப் பார்த்து, 'நல்லா விழுந்திருக்கு' என்று கையெழுத்துப் போட்டுப் போயின.

விவியன் ஆக்ஸ்லி வெள்ளிக்கிழமை வந்தாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையின் ஒரு முனையிலிருந்து படிக்கத் தொடங்கினாள். தலைவி அல்லவா, முழுவதும் படித்தாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றாள். அடுத்த பக்கத்தைப் பார்த்தாள். மறுபடி இந்தப் பக்கம். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, பையில் போட்டாள். கையெழுத்தும் போட்டாள்.

"ரொம்ப அழகா ஒட்டியிருக்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை காலை பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தாள். கையில் ஐந்து உறைகள். ஒவ்வொன்றையும் சீட்டு விளையாடுபவள் போல் கர்ட் முன்னால் போட்டாள்.

"பிழை ஏதாவது இருக்கா மிஸஸ் ஆக்ஸ்லி?"

"பிழை இல்ல. மரியாதைக் குறைவு. எங்க அஞ்சு குடும்பமும் ஒருத்தருக்கு நன்றி சொல்ல மறந்துட்டோம். ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் ஒரு வரி சேக்கணும். ஒரே வரிதான். நேத்து தேவாலயம் முடிஞ்சதும் எங்க வீட்டுல உக்காந்து எழுதினோம்."

கர்ட் முதல் உறையைப் பிரித்தான். 'இதை நீதிமன்றத்திலிருந்து தம் சொந்த வண்டியில் ஏற்றிவந்து எங்கள் வீட்டில் இறக்கித் தந்தவர் ஆர்லோ பிரெம்மர். அவருக்கு எங்கள் நன்றி.' இரண்டாவதிலும் அதே. ஐந்திலும் அதே.

"பொய்" என்றான்.

"என் மாமனாருக்குக் குடலிறக்கம் தம்பி. ஒரு தலகாணியத் தூக்க மாட்டாரு. அந்த மேசைய ரெண்டாம் மாடியிலேருந்து யாரு இறக்கினது? கண்ணாடிய ஏணி போட்டு யாரு கழட்டினது? வரலாறு படிச்ச புள்ள நீ. மேசைக்குக் கால் இருந்தா நடந்து வந்துடும்னு நெனச்சியா?"

டோரீனின் இயந்திரம் நின்றுவிட்டது.

"எங்க அப்பா தூங்கினாருன்னு சொல்லி ஊரே முப்பத்துமூணு வருஷம் சிரிச்சீங்க."

"சிரிச்சோம். நானும் சிரிச்சேன். இப்ப நீ எங்களப் பாத்து ஊரைச் சிரிக்க வெக்கணும்னு பாக்கற. தாராளமா வை. ஆனா என்னை நடுத்தெருவுல நிறுத்தினா பக்கத்துல உங்க அப்பாவுக்கும் ஒரு நாற்காலி போடுவேன். அது என் மரியாதை." பையை மூடினாள். "ஒரு காற்புள்ளியக்கூடத் தொடமாட்டேன்னு பதினோரு பேர் முன்னாடி சொன்ன. தீர்மானப் புத்தகத்துல இருக்கு. தொடாத."

கதவு மணி அடங்கியது. பிறகு டோரீன், "கிழவி நல்லா அடிக்கறா" என்றாள். பாராட்டுகிற மாதிரிதான் இருந்தது. "நாலு மணிக்கு அச்சகத்து வண்டி வரும். என்ன தட்டட்டும்?"

"அஞ்சு வரியையும் தட்டி வை. வந்துடறேன்."

ஆர்லோ பிரெம்மர் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில், புல்வெட்டி இயந்திரத்தைக் கவிழ்த்துப் போட்டுத் தகட்டுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். எழுபத்தொரு வயதிலும் மணிக்கட்டு கடப்பாரை மாதிரி இருந்தது. கர்ட் அந்த மணிக்கட்டையே பார்த்தான். இத்தனை நாள் அவன் அதைப் பார்த்ததே இல்லை போலிருந்தது.

"அப்பா, ஆக்ஸ்லி வீட்டு மேசைய நீங்களா தூக்கினீங்க?"

அரம் நிற்கவில்லை. "இழுப்பறைய முதல்ல கழட்டணும். இல்லன்னா படி திரும்பும்போது முழங்காலப் பேத்துடும்."

"எதுக்குத் தூக்கச் சொன்னாங்கன்னு கேக்கலியா?"

"வெள்ளையடிக்கப் போறோம்னாங்க. கடிகாரத்தக் கழட்டினப்ப, அதைக் கேட்ட மன்றத்து ஆளு ஆணியயும் பிடுங்கிக் குடுன்னாரு பாரு, அப்பத் தெரிஞ்சு போச்சு. வெள்ளையடிச்சுட்டு மறுபடி மாட்டறவனுக்குச் சுவத்துல ஆணி வேணும்." தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "புதுக் கட்டடத்துல வேலை உண்டுன்னாங்க. மாடியில அறை, பெரிய ஜன்னல், பேர்ப் பலகைன்னாங்க. புகைபோக்கி மேல பழியப் போட்டுடலாம்னு பேச்சு. எரிஞ்ச அன்னிக்கே காப்பீட்டுக்காரன் வந்து நோண்டினான். புகைபோக்கி மட்டும் போதாது, ஒரு ஆளு தூங்கியிருந்தா நல்லாருக்கும்னு ஆச்சு. அதை எங்கிட்ட யாரும் சொல்லல. பத்திரிகையிலதான் படிச்சேன்."

"அன்னிக்குக் காலையில?"

"ட்ரூமன் ஆக்ஸ்லி, தேவாலயத்துல ரெண்டாவது பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவுல வந்தாரு. நல்ல கோட்டு போட்டிருந்தாரு. அடுப்புக் கதவத் திறந்து, எரியற கரிய வாரித் தரையில போட்டாரு. என்னப் பாத்து, 'குளிரா இருக்கு ஆர்லோ'ன்னாரு. நான் வாளியையும் துடைப்பத்தையும் எடுத்துக்கிட்டு வெளிய வந்துட்டேன். என் சொந்த வாளி அது."

கர்ட் ஐந்து உறைகளையும் காட்டினான். விவியன் சொன்னதையும் சொன்னான். ஆர்லோ ஒரு வரியைப் படிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் ஐந்தையும் படித்திருக்கலாம்.

"நல்லாத்தானே எழுதியிருக்காங்க" என்றார்.

"அப்பா!"

"அச்சடி. அப்படியே போடு."

"போட்டா நீங்களும் அவங்களோட ஒண்ணு. அஞ்சு திருடனுக்கு ஆறாவது ஆளு. அவங்களுக்காவது மேசை கிடைச்சுது, கடிகாரம் கிடைச்சுது. உங்களுக்குக் கோழிக் கூடு. ஊர் இன்னும் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். கொளுத்தினவன்னு சொல்லிச் சிரிக்கட்டும்." அரத்தை முதல் முறையாகக் கீழே வைத்தார். "தூங்கினவன்னு சொல்ல வேணாம். வருஷா வருஷம் ஒருத்தன் என் தொப்பியப் போட்டுக்கிட்டுக் குறட்டை விடறான் கர்ட். நான் குறட்டையே விடமாட்டேன். உங்க அம்மா இருந்தா சொல்வா. ஆறு ஆளு வேலைய ஒத்தை ஆளா ஒரே வியாழக்கிழமையில செஞ்சேன், ஒரு கண்ணாடித் துண்டு உடையல. அதை எவனும் எழுதல."

அலமாரியிலிருந்து விதைப் பொட்டலம் ஒன்றை எடுத்து, தச்சுப் பென்சிலை நாக்கில் தொட்டு, பின்பக்கத்தில் எழுதினார். நின்று நின்று எழுதினார். நீட்டினார்.

"நம்ம வீட்டுப் பக்கம் இன்னும் குடுக்கலன்னு கேட்டுக்கிட்டே இருந்தியே. இந்தா."

அலுவலகத்துக்குத் திரும்பும்போது மணி மூன்றேகால். டோரீன் சாப்பிடப் போயிருந்தாள். ஐந்து வரிகளையும் தட்டி, பின்னால் மெழுகு தடவி, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அந்தந்தப் படத்தின் கீழ் கச்சிதமாக ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். ஐந்து முறை ஆர்லோ பிரெம்மர். படங்களைவிட அந்தப் பெயர்தான் முதலில் கண்ணில் பட்டது.

கர்ட் விதைப் பொட்டலத்தை எடுத்தான்.

'ஆர்லோ பிரெம்மர். பிறந்தது 1915. ஐந்து சாமான்களையும் நான்தான் தூக்கினேன். எதற்கென்று தெரியும். ட்ரூமன் ஆக்ஸ்லி வந்தபோது பார்த்துக்கொண்டிருந்தேன். தடுக்கவில்லை. தூங்கவில்லை. எதுவும் உடையவில்லை.'

பழி தீர்ப்பது என்பது ஒரு வழக்கு. வழக்குக்கு ஒரு நிரபராதி வேண்டும். நிரபராதி இல்லாவிட்டால் எதிரெதிரே ஆறு கிழவர்கள் நிற்பார்கள். ஊர் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் மிட்டாய் பொறுக்கப் போய்விடும். அடுத்த ஜூலையில் அட்டைக் கட்டடத்தின் முன்னால் அதே தொப்பி, அதே ஆள், நாற்காலிக்குப் பதில் சாமான் ஏற்றிய தள்ளுவண்டி. கர்ட்டுக்கு அந்தப் படம் அப்படியே கண்ணில் தெரிந்தது. விவியன் ஆக்ஸ்லி கூடாரத்து நிழலில் உட்கார்ந்து சிரிப்பதும் தெரிந்தது. மறுபுறம், அந்த ஐந்து வரியும் இல்லாவிட்டால் பக்கம் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது! ஐந்து குற்றவாளிகள், ஒரு பாவப்பட்ட மனிதர். அப்பாவுக்கு என்ன தெரியும்? அவருக்காகத்தானே இத்தனையும்.

டோரீனின் நாற்காலியில் உட்கார்ந்து இயந்திரத்தில் காகிதம் ஏற்றினான். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மூன்று மாதம் இருநூறு பக்கம் படித்த கை தானாகவே தட்டியது.

'ஆர்லோ பிரெம்மர் 1915இல் பிறந்தார். கடின உழைப்பாளி, இறையச்சம் மிக்கவர். தக்காளி பயிரிடுவதில் நாட்டம் உடையவர். தாம் அறியாத ஒரு செயலுக்காக முப்பத்துமூன்று ஆண்டுகள் பொறுமையுடன் பழி சுமந்தார். அனைவராலும் நேசிக்கப்படுகிறார்.'

ஆர்லோ தேவாலயத்துக்குள் கால் வைத்தது தன் கல்யாணத்தன்று ஒரு முறைதான். கர்ட் மெழுகு தடவி, பிரெம்மர் குடும்பத்துக்கென்று விட்டிருந்த இடத்தில் அதை ஒட்டினான். விதைப் பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்தான்.

வெளியே அச்சகத்து வண்டி வந்து நின்று, ஓட்டுநர் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. கர்ட் பிளேடை எடுத்தான். ஓக் மேசைப் படத்தின் கீழிருந்த வரியின் ஓரத்தில் நுனியைச் செருகி நெம்பினான். மெழுகு இன்னும் இளஞ்சூடாக இருந்ததால் வரி முழுதாகவே எழும்பி வந்தது. அடுத்தது கடிகாரம், பிறகு நாற்காலி, கண்ணாடி. படிக்கத்தின் கீழிருந்தது மட்டும் நடுவில் கிழிந்தது. 'அவருக்கு எங்கள் நன்றி' என்ற பாதியை நகத்தால் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. காலியான இடம் தெரியாமல் இருக்கப் படங்களை நூலளவு கீழே இறக்கினான். மேலே ரப்பர் உருளையை வைத்து, ஒரு தடவை அழுத்தி உருட்டினான். பிறகு இன்னொரு தடவை.